மாநிலச் சட்டமும் யாப்புத் திருத்தமும்: 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பெண்களின் உரிமைப் பயணம்

உயர்தர அரசியல் விஞ்ஞானப் பாடத்தில் ஐக்கிய அமெரிக்காவின் யாப்பைப் படிக்கும்போது "நெகிழா யாப்பு" என்ற சொல்லை நாம் மனனம் செய்கிறோம். காங்கிரஸின் இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பெரும்பான்மை, பின்னர் மாநிலங்களில் நான்கில் மூன்றின் சம்மதம் என்று இரண்டு வரிகளில் எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுகிறோம். ஆனால் அந்த இரண்டு வரிகளுக்குள் பலருடைய வாழ்நாள் முழுவதும் கரைந்து போயிருக்கிறது. ஒரு யாப்பு நெகிழாமல் இருப்பதன் விலையை யார் செலுத்தினார்கள் என்பதை அறிய, 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பெண்களின் சொத்துரிமை, வாக்குரிமை வரலாற்றைவிடச் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது. அதையே இக்கட்டுரை ஆராய்கிறது.

உரிமைக்குச் செல்லும் இரண்டு பாதைகள்

அமெரிக்கா ஒரு சமஷ்டி அரசு. யாப்பு மத்திய அரசுக்கு வெளிப்படையாகக் கொடுக்காத, மாநிலங்களுக்குத் தடை செய்யாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என 10ஆம் திருத்தம் கூறுகிறது. திருமணம், சொத்து, வாரிசுரிமை, பிள்ளைகளின் பாதுகாவல் ஆகியன இவ்வாறு மாநிலங்களின் கைகளிலேயே இருந்தன. யார் வாக்களிக்கலாம் என்பதைத் தீர்மானிப்பதும் பெரும்பாலும் மாநிலங்களே.

ஆகவே ஓர் உரிமையைப் பெற இரண்டு பாதைகள் இருந்தன. ஒன்று, ஒவ்வொரு மாநிலத்தின் சட்டசபையிலும் சட்டம் இயற்றுவிப்பது, அல்லது அம்மாநிலத்தின் சொந்த யாப்பைத் திருத்துவது. மற்றது, நாடு முழுவதையும் ஒரே தடவையில் கட்டுப்படுத்தும் கூட்டாட்சி யாப்புத் திருத்தத்தைக் கொண்டுவருவது. முதலாவது பாதை சிறியது. ஆனால் பலமுறை நடக்க வேண்டியது. இரண்டாவது பாதையில் ஒருமுறை நடந்தால் போதும். ஆனால் அது செங்குத்தான மலைப்பாதை.

எவ்வளவு செங்குத்து என்பதற்கு ஒரு கணக்குப் போதும். 19ஆம் நூற்றாண்டில் காங்கிரஸில் முன்மொழியப்பட்ட திருத்தங்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. அந்த நூறு ஆண்டுகளில் யாப்பில் இடம்பிடித்தவை நான்கு மட்டுமே: 1804இல் 12ஆம் திருத்தம், 1865இல் 13ஆம் திருத்தம், 1868இல் 14ஆம் திருத்தம், 1870இல் 15ஆம் திருத்தம். 1804க்கும் 1865க்கும் இடையிலான 61 ஆண்டுகளில் ஒரு திருத்தம்கூட நிறைவேறவில்லை. பின்னைய மூன்றும் உள்நாட்டுப் போர் என்ற பேரழிவின் முடிவில் பிறந்தவை. நமது 1978 யாப்போ பத்து ஆண்டுகள் முடிவதற்குள்ளேயே 13ஆம் திருத்தம் என்ற எண்ணைத் தொட்டுவிட்டது. இந்த ஒப்பீடு இரு யாப்புகளின் இயல்பையும் விளங்கிக்கொள்ள உதவும்.

திருமணத்தோடு மறைந்த பெயர்

அமெரிக்க மாநிலங்களிற் பெரும்பாலானவை இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தைப் பின்பற்றின. வில்லியம் பிளாக்ஸ்டன் என்ற ஆங்கிலச் சட்ட அறிஞர் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய விளக்கவுரைகள் அமெரிக்க வழக்கறிஞர்களின் பாடநூலாக விளங்கின. கணவனும் மனைவியும் சட்டத்தின் முன் ஒரே ஆள் என்பது அவற்றில் விளக்கப்பட்ட கோட்பாடு. அந்த "ஒரே ஆள்" கணவனே. திருமணமான கணத்திலிருந்து பெண்ணின் பணமும் நகையும் தளபாடமும் அவனுக்குச் சொந்தம். அவளுடைய காணியின் வருமானத்தையும் அவனே எடுத்துக்கொள்வான். அவள் உழைத்துப் பெறும் கூலியும் அவனுடையதே. தன் பெயரில் ஒப்பந்தம் செய்யவோ வழக்குத் தொடரவோ அவளால் இயலாது. கணவன் கடன்பட்டால் கடன்காரர்கள் அவளுடைய தந்தை கொடுத்த சொத்தையும் சேர்த்தே அள்ளிச் செல்லலாம்.

மஹர் மனைவிக்கே உரியது, மனைவியின் சொத்து திருமணத்துக்குப் பின்னும் அவளுடையதே என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். ஆயினும் நாம் பெருமைப்பட்டு நின்றுவிடக் கூடாது. சட்டத்தில் ஓர் உரிமை எழுதப்பட்டிருப்பது ஒன்று. அது ஒரு பெண்ணின் கைக்கு உண்மையாகவே வந்து சேர்வது இன்னொன்று. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் எல்லாச் சமூகங்களிலும் அளக்கப்பட வேண்டியதே.

மிசிசிப்பி 1839: கசப்பான தொடக்கம்

திருமணமான பெண்ணின் சொத்துரிமைபற்றிய முன்னோடிச் சட்டமாக வரலாற்றாசிரியர்கள் அடிக்கடி குறிப்பிடுவது மிசிசிப்பி மாநிலத்தின் 1839ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆகும். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், சிக்கசோ என்ற பூர்வீகக் குடியைச் சேர்ந்த பெற்சி லவ் என்பவரின் குடும்பம் தொடர்பான வழக்கொன்றில், அக்குடியின் வழக்காறுப்படி மனைவியின் சொத்து கணவனின் கடனுக்குப் பிணையாகாது என்று அம்மாநில நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. "நாகரிகமற்றவர்கள்" என்று குடியேறிகள் இகழ்ந்த மக்களின் வழக்காறு, இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தைவிடப் பெண்ணுக்கு நியாயமாக இருந்தது.

1837இல் ஏற்பட்ட பொருளாதார நெருக்கடியில் பல தோட்ட முதலாளிகள் கடனில் மூழ்கினர். குடும்பச் சொத்தைக் கடன்காரர்களிடமிருந்து காப்பதற்கு மனைவியின் பெயர் ஒரு வழியாகத் தெரிந்தது. 1839ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்ததற்கு இதுவே முக்கிய காரணம். சொத்து மனைவியின் பெயரில் இருந்தாலும் அதை நிருவகிக்கும் அதிகாரம் கணவனிடமே விடப்பட்டது.

இன்னொரு உண்மை இதைவிடக் கசப்பானது. அச்சட்டத்தின் ஐந்து பிரிவுகளில் நான்கு அடிமைகளைப் பற்றியவை. அதாவது மனைவிக்குப் பாதுகாக்கப்பட்ட "சொத்து" பெரும்பாலும் கறுப்பின மனிதர்களே. ஒரு பெண்ணின் சொத்துரிமை இன்னொரு பெண்ணின் உடலின் மீது எழுதப்பட்டது. உரிமைகளின் வரலாற்றைப் படிக்கும்போது "யாருக்குக் கிடைத்தது?" என்பதோடு "யாருடைய செலவில் கிடைத்தது?" என்றும் கேட்க வேண்டும் என்பதை மிசிசிப்பி நமக்குக் கற்பிக்கிறது.

நியூயோர்க்: ஐந்து கையெழுத்திலிருந்து

1836இல் நியூயோர்க் சட்டசபையில் மணமான பெண்களின் சொத்துரிமைக்காக ஒரு சட்டமூலம் கொண்டுவரப்பட்டது. அதற்கு ஆதரவாகப் போலந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஏர்னஸ்டின் ரோஸ் என்ற இளம்பெண் வீடு வீடாகச் சென்று மனுவொன்றுக்குக் கையெழுத்துச் சேர்த்தார். பல மாத முயற்சியில் அவருக்குக் கிடைத்தவை ஐந்து கையெழுத்துகள். பெண்களே கதவைச் சாத்தினர் என்பது அவருக்கு நேர்ந்த அனுபவம். அவர் நிறுத்தவில்லை, ஆண்டுதோறும் மனுக்கள் சென்றுகொண்டே இருந்தன.

1848 ஏப்ரல் மாதம் சட்டம் நிறைவேறியது. திருமணத்தின்போது பெண் கொண்டுவரும் சொத்தும், பின்னர் கணவனல்லாத பிறரிடமிருந்து அவளுக்குக் கிடைக்கும் சொத்தும் அவளுடைய தனிச்சொத்தே என அச்சட்டம் கூறியது. பெண்களின் மனுக்கள் மட்டுமே இந்த வெற்றிக்குக் காரணமல்ல. தாம் மகளுக்குக் கொடுக்கும் சொத்தை மருமகன் வீணடித்துவிடுவான் என்று அஞ்சிய செல்வந்தத் தந்தையரும் இதை விரும்பினர். ஒரு சட்டம் நிறைவேறும்போது அதன் பின்னால் நீதியுணர்வும் சுயநலமும் சேர்ந்தே நிற்பதுண்டு.

அதே ஆண்டு ஜூலை 19, 20ஆம் திகதிகளில் அதே மாநிலத்தின் செனகா போல்ஸ் என்ற சிற்றூரில் பெண்கள் உரிமை மாநாடு நடைபெற்றது. எலிசபெத் கேடி ஸ்டான்டன், லுக்ரீஷியா மொட் ஆகியோர் அதற்கு முன்னின்றனர். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் அமைப்பிலேயே எழுதப்பட்ட பெண்களின் பிரகடனத்தில் 68 பெண்களும் 32 ஆண்களுமாக நூறு பேர் கையெழுத்திட்டனர். மற்றக் கோரிக்கைகள் எளிதில் ஏற்கப்பட, வாக்குரிமைத் தீர்மானம் மட்டும் பெரும் விவாதத்துக்குள்ளானது. அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து பத்திரிகை நடத்திய பிரெட்ரிக் டக்ளஸ் அதை ஆதரித்துப் பேசினார். அதன் பின்னரே அது நிறைவேறியது.

1848ஆம் ஆண்டுச் சட்டத்தில் கூலி உழைப்பைப் பற்றி எதுவும் இல்லை. தந்தையிடம் சொத்துப் பெற்றவளுக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. ஆடை தைத்தோ துணி துவைத்தோ பிழைத்தவளின் உழைப்பூதியம் தொடர்ந்தும் கணவனுக்கே போனது. சூசன் பி. அந்தனி மாநிலம் முழுவதும் மனுக்களுடன் பயணம் செய்தார். ஸ்டான்டன் சட்டசபைக்கு உரைகள் எழுதினார். இதன் விளைவாக 1860இல் விரிவான சட்டம் வந்தது. மனைவி தன் ஊதியத்தைத் தானே வைத்திருக்கலாம், வழக்குத் தொடரலாம், பிள்ளைகளுக்குத் தந்தையோடு சமமான பாதுகாவலராக இருக்கலாம் என்று அது கூறியது.

இரண்டே ஆண்டுகளில், உள்நாட்டுப் போரில் நாடு மூழ்கிப் பெண்கள் இயக்கம் தன் வேலைகளை நிறுத்தி வைத்திருந்த 1862இல், சட்டசபை அந்தச் சமமான பாதுகாவல் உரிமையை நீக்கிவிட்டது. சாதாரணச் சட்டத்தால் வந்தது சாதாரணச் சட்டத்தாலேயே போயிற்று.

ஒரு சொல் யாப்புக்குள் நுழைகிறது

போர் முடிந்தது. 1865இல் 13ஆம் திருத்தம் அடிமைத்தனத்தை ஒழித்தது. 1868இல் உறுதிப்படுத்தப்பட்ட 14ஆம் திருத்தம், அமெரிக்காவில் பிறந்த அல்லது குடியுரிமை பெற்ற அனைவரும் பிரசைகள் என்றும், சட்டத்தின் சமமான பாதுகாப்பு எவருக்கும் மறுக்கப்படக் கூடாது என்றும் கூறியது. இது மகத்தான முன்னேற்றம். ஆனால் அதன் இரண்டாம் பிரிவு, 21 வயதுக்கு மேற்பட்ட "ஆண்" பிரசைகளின் வாக்குரிமையை மறுக்கும் மாநிலங்களின் பிரதிநிதித்துவம் குறைக்கப்படும் என்றது. "ஆண்" என்ற சொல் அமெரிக்க யாப்பில் நுழைந்தது இதுவே முதற்தடவை. அதுவரை யாப்பு பெண்களைப் பற்றி மௌனமாக இருந்தது. இனி அது மௌனமல்ல.

1870இல் உறுதிப்படுத்தப்பட்ட 15ஆம் திருத்தம், இனம், நிறம், முன்னைய அடிமை நிலை ஆகிய காரணங்களால் வாக்குரிமை மறுக்கப்படுவதைத் தடை செய்தது. "பால்" என்ற காரணம் அதில் சேர்க்கப்படவில்லை. இதனால் பெண்கள் இயக்கம் இரண்டாகப் பிளந்தது. பெண்களை விட்டுவிட்ட திருத்தத்தை ஏற்க முடியாது என்றனர் ஸ்டான்டனும் அந்தனியும். தெற்கில் கறுப்பின மக்கள் கொல்லப்பட்டுக்கொண்டிருக்கையில் வாக்கு அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை என்றார் டக்ளஸ். லூசி ஸ்டோன் தலைமையிலான பிரிவினர் 15ஆம் திருத்தத்தை ஆதரித்துக்கொண்டே பெண்களுக்காக மாநிலம் மாநிலமாக உழைக்க முடிவு செய்தனர். 1869இல் இரண்டு சங்கங்கள் தோன்றின. அவை மீண்டும் ஒன்றுசேர 1890 வரை செல்ல வேண்டியிருந்தது.

இந்தக் கோபத்தில் ஸ்டான்டன் கறுப்பின ஆண்களையும் குடியேறிகளையும் இழிவுபடுத்தும் சொற்களையும் பயன்படுத்தினார். அதை மறைத்து எழுதுவது வரலாறாகாது. ஒடுக்கப்பட்ட இரு சாராரிடம் "உங்களில் ஒருவருக்கு மட்டுமே இடமுண்டு" என்று சொல்லப்படும்போது, அந்த ஒரே இடத்துக்காக அவர்கள் தங்களுக்குள் மோத நேர்கிறது. இடத்தை ஒன்றாகக் குறைத்தவர்களிடம் கேள்வி செல்வதில்லை.

நீதிமன்றத்தின் பதில்

புதிய திருத்தம் வேண்டியதில்லை, 14ஆம் திருத்தத்திலேயே பெண்களின் உரிமை அடங்கியிருக்கிறது என்று சிலர் வாதிட்டனர். பெண் ஒரு பிரசை. வாக்களிப்பது பிரசையின் உரிமை. ஆகவே பெண் வாக்களிக்கலாம் என்பது அவர்களின் தர்க்கம். இந்த வாதத்தோடு சூசன் பி. அந்தனி 1872 நவம்பரில் நியூயோர்க்கின் றொச்செஸ்டர் நகரில் வாக்களித்தார். அதற்காகக் கைது செய்யப்பட்டார். 1873 ஜூனில் நடந்த வழக்கில் நீதிபதி, யூரர்களைத் தீர்மானிக்க விடாமல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்குமாறு அவர்களைப் பணித்து, 100 டொலர் தண்டம் விதித்தார். அந்தனி அதை ஒருபோதும் செலுத்தவில்லை.

அதே 1872இல் மிசூரி மாநிலத்தின் சென் லூயிஸ் நகரில் வேர்ஜீனியா மைனர் என்பவர் வாக்காளராகப் பதியச் சென்றார். பதிவாளர் மறுத்தார். அவர் வழக்குத் தொடர விரும்பினார். ஆனால் அம்மாநிலச் சட்டப்படி மணமான பெண் தனித்து வழக்காட முடியாததால், அவருடைய கணவரும் வழக்காளியாகச் சேர வேண்டியிருந்தது! சொத்துரிமையும் வாக்குரிமையும் வெவ்வேறு விடயங்கள் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 1875 மார்ச்சில் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. பெண்கள் பிரசைகளே, ஆனால் பிரசையாக இருப்பது மட்டும் வாக்குரிமையைத் தராது, அதைத் தருவதும் மறுப்பதும் மாநிலங்களின் விருப்பம் என்பதே அத்தீர்ப்பு.

இதற்கு இரு ஆண்டுகள் முன்னர் மைரா பிராட்வெல் என்பவருக்கு வழக்கறிஞராகும் உரிமையை இலினோய் மாநிலம் மறுத்தது செல்லும் என்று அதே நீதிமன்றம் கூறியிருந்தது. ஆனால் அத்தீர்ப்பு வருவதற்கு முன்பே, 1872இல், பால் வேறுபாட்டால் எவருக்கும் தொழில் மறுக்கப்படக் கூடாது என்று இலினோய் சட்டசபை சட்டம் இயற்றிவிட்டது. அச்சட்டத்துக்காகப் பாடுபட்ட அல்டா ஹியூலெட் 1873இல், தமது 19ஆவது வயதில், அம்மாநிலத்தின் முதற் பெண் வழக்கறிஞரானார். நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் மூடிய கதவை ஒரு மாநிலச் சட்டசபை திறந்துவைத்தது. மாநிலச் சட்டத்தின் வலிமையை இது காட்டுகிறது.

மேற்கில் எழுந்த வெளிச்சம்

பழைமையான கிழக்கு மாநிலங்கள் தயங்கிக்கொண்டிருக்க, மேற்குப் பகுதிகள் முன்னே சென்றன. அப்போது இன்னும் மாநிலமாகாத வயோமிங் பிரதேசத்தின் சட்டசபை, 1869 டிசெம்பரில் 21 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு வாக்குரிமையும் பதவி வகிக்கும் உரிமையும் வழங்கியது. 1870இல் எஸ்தர் மொரிஸ் அங்கு சமாதான நீதிவானாக நியமிக்கப்பட்டார். ஆண்கள் மிகுந்து பெண்கள் மிகக் குறைந்திருந்த அப்பிரதேசத்துக்குக் குடியேறிகளை ஈர்க்கும் நோக்கமும் இதில் கலந்திருந்தது. 1871இல் இச்சட்டத்தை நீக்க முயன்றபோது ஆளுநர் தமது தடையதிகாரத்தைப் பயன்படுத்தினார். அதை முறியடிக்க எதிராளிகளுக்கு ஒரே ஒரு வாக்குப் போதாமற் போயிற்று. 1890இல் வயோமிங் ஒரு மாநிலமாக இணைந்தபோது பெண்களின் வாக்குரிமை அதன் சொந்த யாப்பிலேயே எழுதப்பட்டிருந்தது.

எல்லா இடங்களிலும் இவ்வளவு அதிர்ஷ்டம் இருக்கவில்லை. கன்சாஸ் மாநிலத்தில் 1867இல் பெண்களுக்கும் கறுப்பின ஆண்களுக்கும் வாக்குரிமை தரும் இரு திருத்தங்கள் வாக்கெடுப்புக்கு விடப்பட்டு இரண்டும் தோற்றன. யூட்டா பிரதேசப் பெண்கள் 1870இல் பெற்ற வாக்குரிமையை, பலதார மணத்தை ஒழிப்பதற்காகக் காங்கிரஸ் இயற்றிய 1887ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. பலதார மணத்தில் இல்லாத பெண்களும் அதில் தப்பவில்லை. வொஷிங்டன் பிரதேசத்தில் 1883இல் கிடைத்த உரிமை, சட்டத்தின் தலைப்பு அதன் பொருளைச் சரியாகக் குறிக்கவில்லை என்ற காரணத்தால் 1887இல் நீதிமன்றத்தால் செல்லாததாக்கப்பட்டது.

மீண்டும் முயன்று, 1893இல் கொலராடோவும், 1896இல் யூட்டாவும் ஐடஹோவும் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தன. 19ஆம் நூற்றாண்டு முடியும்போது முழு வாக்குரிமை இருந்த மாநிலங்கள் இந்த நான்கு மட்டுமே.

இருபத்தெட்டுச் சொற்கள்

1868ஆம் ஆண்டின் இறுதியிலும் 1869இலும் பெண்களின் வாக்குரிமைக்கான யாப்புத் திருத்தங்கள் காங்கிரஸில் முன்மொழியப்பட்டன, அவை முன்னேறவில்லை. நீதிமன்றமும் கைவிட்டபின் இயக்கத்தின் ஒரு சாரார் மீண்டும் அப்பாதைக்குத் திரும்பினர். 1878 ஜனவரி 10ஆம் திகதி கலிபோர்னியாவின் செனட்டர் ஆரன் சார்ஜன்ட் ஒரு திருத்தப் பிரேரணையைச் சமர்ப்பித்தார். பிரசைகளின் வாக்குரிமையை மத்திய அரசோ எந்த மாநிலமோ பால் காரணமாக மறுக்கவோ குறைக்கவோ கூடாது என்பதே அதன் கருத்து. ஆங்கிலத்தில் அதன் பிரதான வாக்கியம் 28 சொற்கள் கொண்டது. 15ஆம் திருத்தத்தின் அமைப்பையே அது பின்பற்றியது.

அப்போது அமெரிக்காவில் 38 மாநிலங்கள். திருத்தம் நிறைவேற 29 மாநிலங்களின் சம்மதம் வேண்டும். பெண்கள் முழுமையாக வாக்களிக்கும் மாநிலம் ஒன்றுகூட அன்று இல்லை. இதில் ஒரு வினோதமான சுழல் இருக்கிறது: பெண்களுக்கு வாக்கு வேண்டுமானால் சட்டசபைகள் சம்மதிக்க வேண்டும், சட்டசபைகளைத் தெரிவு செய்வதற்கோ பெண்களிடம் வாக்கு இல்லை. வாக்கு இல்லாதவரின் மனுவுக்கு அரசியல்வாதி அஞ்ச வேண்டியதில்லை.

ஒன்பது ஆண்டுகள் அப்பிரேரணை குழுக்களுக்குள் அலைந்தது. 1887 ஜனவரி 25ஆம் திகதி செனட் சபை முழுமையாக வாக்களித்தது. ஆதரவாக 16, எதிராக 34. வாக்களித்த 50 பேரில் திருத்தத்துக்குத் தேவையான எண்ணிக்கை 34. அதே எண்ணிக்கை எதிர்ப்பக்கம் விழுந்தது. மொத்தம் 76 செனட்டர்களில் 26 பேர் வாக்களிக்கவேயில்லை. அதன் பின் அந்த நூற்றாண்டில் செனட் சபை இதுபற்றி மீண்டும் வாக்கெடுக்கவில்லை.

இரண்டு பாதைகளும் சந்தித்த இடம்

மாநிலச் சட்டம் சிறந்ததா, யாப்புத் திருத்தம் சிறந்ததா என்ற வினா அன்று இயக்கத்தைப் பிளந்தது. வரலாறு கொடுத்த விடை இரண்டும் தேவை என்பதே.

மாநிலச் சட்டம் தனித்து நின்றபோது அது பாதுகாப்பற்றது. இதற்குப் பழைய உதாரணம் நியூ ஜேர்சி. 1776ஆம் ஆண்டின் அதன் யாப்பு, 50 பவுண் பெறுமதியான சொத்துள்ள "குடியிருப்போர் அனைவருக்கும்" வாக்குரிமை அளித்தது. தங்கள் பெயரில் சொத்து வைத்திருக்கக்கூடிய மணமாகாத பெண்களும் விதவைகளும் அங்கு வாக்களித்தனர். 1807இல் ஒரு சாதாரணச் சட்டம் அதைப் பறித்து, வெள்ளை ஆண்களுக்கு மட்டும் உரியதாக்கியது. அந்தப் பெண்களின் பேத்திகள் காலத்திலும் அது திரும்பவில்லை. நியூ ஜேர்சி 1807, நியூயோர்க் 1862, யூட்டா 1887, வொஷிங்டன் 1887 என்ற நான்கும் ஒரே பாடத்தைச் சொல்கின்றன.

அதேவேளை மாநிலங்களில் வேரூன்றாத திருத்தம் காங்கிரஸைத் தாண்டவில்லை. வயோமிங்கில் ஆண்டுக்கணக்கில் பெண்கள் வாக்களித்தும் குடும்பங்கள் சிதையவில்லை என்பதைக் காட்டிய பின்னரே, "வீடு அழிந்துவிடும்" என்ற வாதம் வலுவிழந்தது. பெண்கள் வாக்களிக்கும் மாநிலங்கள் பெருகப் பெருக, அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய செனட்டர்களும் பெருகினர். 1878இல் எழுதப்பட்ட அதே சொற்களைக் காங்கிரஸ் 1919இல் ஏற்றது. 48 மாநிலங்களில் 36ஆவதாக டென்னசி 1920 ஓகஸ்ட் 18ஆம் திகதி சம்மதித்தது. அச்சபையின் 24 வயது உறுப்பினர் ஹரி பர்ன், தாயார் எழுதிய கடிதமொன்றுக்குப் பின் தம் நிலைப்பாட்டை மாற்றி ஆதரவாக வாக்களித்தார். இவ்வாறு 19ஆம் திருத்தம் யாப்பின் பகுதியானது.

ஸ்டான்டன் 1902இலும் அந்தனி 1906இலும் மறைந்துவிட்டனர். செனகா போல்ஸ் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களுள் அப்போது உயிருடன் இருந்தவர் சார்லட் உட்வர்ட் ஒருவரே. 1848இல் இருபது வயதைக்கூட எட்டாமல், கையுறை தைத்துக் கொடுத்து உழைத்தவர் அவர். அவரும் 1920இல் நோய்வாய்ப்பட்டிருந்ததால் வாக்களிக்கச் செல்ல முடியவில்லை. சொத்துரிமைச் சட்டத்தில் முன்னோடியாக நின்ற மிசிசிப்பி, 19ஆம் திருத்தத்தைச் சடங்குக்காக உறுதிப்படுத்தியது 1984இல். அன்றைய 48 மாநிலங்களில் அதுவே கடைசி. தென் மாநிலங்களின் கறுப்பினப் பெண்களுக்கோ, தேர்வுகளும் வரிகளும் மிரட்டல்களும் வாக்குச்சாவடியை மூடியே வைத்திருந்தன. 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வரை அவர்கள் காத்திருக்க நேர்ந்தது. யாப்பில் எழுதிய பின்னும் அதை நடைமுறைப்படுத்தச் சட்டம் தேவைப்பட்டது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

இலங்கைப் பெண்கள் 1931இல் சர்வசன வாக்குரிமையைப் பெற்றனர். 1927இல் கொழும்பில் அமைந்த பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் உழைப்பு அதற்குப் பின்னால் இருந்தது. டொனமூர் ஆணைக்குழு பெண்களுக்கு 30 வயது எல்லையைச் சிபாரிசு செய்தது. இறுதியில் ஆண்களைப் போலவே 21 வயதில் உரிமை கிடைத்தது. அமெரிக்காவோடு ஒப்பிடும்போது நமது பாதை குறுகியது. அதனாலேயே அதன் பெறுமதியை நாம் குறைவாக மதிப்பிடும் ஆபத்தும் உண்டு.

அடுத்த ஆண்டு நம்மிற் பலரின் பெயர்கள் வாக்காளர் இடாப்பில் ஏறும். கிராம உத்தியோகத்தர் கொண்டுவரும் படிவத்தில் நமது பெயர் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று நாமே பார்க்க வேண்டும். நம் வீட்டில் உள்ள ஒரு பெண்ணின் பெயரில் காணி இருந்தால், அந்த உறுதியில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவரும் அறிந்திருக்க வேண்டும். ஒரு சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வருகிறதென்றால் அது சாதாரணப் பெரும்பான்மையால் மாறக்கூடியதா, மூன்றில் இரண்டு வேண்டுமா, மக்கள் தீர்ப்பும் வேண்டுமா என்று கேட்கப் பழக வேண்டும். பரீட்சைக்காக நாம் படிக்கும் இந்தப் பெரும்பான்மைக் கணக்குகள், ஓர் உரிமை எவ்வளவு எளிதில் வரும், எவ்வளவு எளிதில் போகும் என்பதன் அளவுகோல்கள்.

ஏர்னஸ்டின் ரோஸின் ஐந்து கையெழுத்துக்கும் 1848ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் இடையில் 12 ஆண்டுகள். சார்ஜன்ட்டின் பிரேரணைக்கும் 19ஆம் திருத்தத்துக்கும் இடையில் 42 ஆண்டுகள். அந்த இடைவெளிகளை நிரப்பியவர்களில் மிகப் பலரின் பெயர்கள் எந்தப் பாடநூலிலும் இல்லை. அவர்கள் ஆண்டுதோறும் அதே மனுவைத் திரும்ப எழுதி, அதே கதவுகளைத் திரும்பத் தட்டினார்கள்.

(க.பொ.த. உயர்தர கலைப்பிரிவு மாணவி)